மவுண்ட் வெல்லிங்டனிலிருந்து முரானோவுக்கு

மகேசன் பதினைந்து வருஷம் லோஞ்ச் ஓட்டியவர். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கும், காற்றுக் குறைந்த நாட்களில் நெடுந்தீவுக்கும் சனத்தையும் சைக்கிளையும் ஆட்டையும் ஏற்றி இறக்கியவர். ஒருத்தரையும் கடலில் போட்டதில்லை. இவ்வளவும் உண்மைதான். ஆனால் 1996ஆம் ஆண்டு ஒக்லாந்தில், மகேசனுக்குப் படகுப் பயணம் என்றால் என்னவென்று தெரியும் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்கவில்லை.

காகிதம் கேட்டது துறைமுகத்தில் இருந்த ஒரு படகுக் கொம்பனி. கயிறு கட்டவும், டிக்கெட் கிழிக்கவும், சனத்தை வரிசையில் விடவும் அவர்களுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. மனேஜர் வாரன் மகேசனின் கையில் கயிற்றைக் கொடுத்துக் கட்டச் சொன்னார். மகேசன் கட்டினார். வாரன் தன்னுடைய முழுப் பாரத்தையும் போட்டு இழுத்துப் பார்த்தார். அவருடைய பாரம் கொஞ்சநஞ்சமில்லை. கயிறு அசையவில்லை.

“எனக்கு இது போதும். மேலிடத்துக்குப் போதாது. ‘படகுப் பயணம் திட்டமிடல், தரம் இரண்டு’ என்று ஒரு சேர்ட்டிபிகேட் வேண்டுமாம். நவம்பர் கடைசி வெள்ளி, பகல் பன்னிரண்டு மணிக்குள் கொண்டு வா. அதுவரைக்கும் இடத்தைப் பிடித்து வைக்கிறேன்,” என்றார் வாரன்.

மகேசனுக்கு அந்த வேலை வேண்டும். நியூசிலாந்துக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. மனுசி ரதிதேவி பகலில் கோழித் தொழிற்சாலையில் நின்று பெட்டி அடுக்குகிறாள், பின்னேரம் இன்னொரு ஷிஃப்ட்டுக்கும் அதே இடத்திலேயே நிற்கிறாள். ஏவன்டேல் வீட்டுக்கு வரும்போது அவளுடைய சப்பாத்தைக் கழற்ற மகேசன்தான் உதவ வேண்டும், கால் அவ்வளவு வீங்கியிருக்கும். தான் சம்பளம் கொண்டுவந்தால் அந்தப் பின்னேர ஷிஃப்ட்டை அவள் விடலாம். மகேசன் வேறு எதையும் பெரிதாக ஆசைப்படவில்லை.

சேர்ட்டிபிகேட் கொடுக்கிற இடம் மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு கம்பளக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. முன்னேற்ற வாசல் பயிற்சி நிலையம் என்று பெயர். வாசல் பின்பக்கமாக, குப்பைத்தொட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆறு கிழமைப் படிப்பு. நோலீன் என்கிற பயிற்றுநர் ஒவ்வொருவருக்கும் இரண்டு விரல் தடிப்பில் ஒரு ஃபோல்டர் கொடுத்தார். அட்டையில் பச்சைத் தண்ணீர், அதன் கரையில் நிறம் நிறமாக வீடுகள். வெனிஸ் நகரத்துக் கடல்நீரேரியில் உள்ள பழைய தீவுகளுக்கு இருபது சுற்றுலாப் பயணிகளை ஒரு நாள் படகில் கூட்டிப் போக வேண்டும். முரானோவில் கண்ணாடி ஊதுவார்கள், புரானோவில் லேஸ் பின்னுவார்கள், தொர்செல்லோவில் ஆயிரம் வருஷத்துத் தேவாலயம் இருக்கிறது. அதைத் திட்டமிட்டுக் கொடுத்தால் சேர்ட்டிபிகேட்.

மகேசன் கையை உயர்த்தினார். “மிஸ், நாங்கள் இருக்கிறது ஒக்லாந்தில். இங்கேயே வைஹெக்கே தீவு இருக்கிறது. அங்கேயும் மண்பாண்டம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குத் திட்டம் போட்டால் போய்ப் பார்த்தே எழுதலாமே?”

நோலீன் அன்பாகச் சிரித்தார். “வைஹெக்கேக்கு நாங்கள் பாடநூல் வாங்கவில்லை, மகேசன். முரானோவுக்குத்தான் வாங்கியிருக்கிறோம். போய்ப் பார்க்கக்கூடிய தீவு கற்பவரின் கவனத்தைச் சிதறடிக்கும்.”

“மிஸ், நான் பதினைந்து வருஷம் இப்படியொரு கடல்நீரேரிக்குள்ளேதான் லோஞ்ச் ஓட்டினேன்.”

“அது அனுபவம். எங்களுக்கு வேண்டியது ஆதாரம்,” என்றார் நோலீன். வகுப்பில் எல்லோரும் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

மகேசன் ஆள் விடாப்பிடியானவர். நூலகத்தில் வெனிஸ் வரைபடம் எடுத்தார். எந்த வாய்க்கால் ஆழம், எது வத்தினால் படகு தட்டும், காற்று எழும்பினால் எந்தக் கரையில் ஒதுங்கலாம், இருபது பேருக்கு இருபத்துநாலு உயிர்காப்பு அங்கி ஏன் வேண்டும் என்றெல்லாம் பதினெட்டுப் பக்கம் எழுதினார். நான்கு நாள் கழித்து அது திரும்பி வந்தது. முதற்பக்கத்தில் நீல மையில் ஒரு முத்திரை: ‘இன்னும் தகுதி பெறவில்லை’. கீழே நோலீன் உருண்டை எழுத்தில் எழுதியிருந்தார்: ‘கடலைப் பற்றி அளவுக்கு மீறி எழுதியிருக்கிறீர்கள். பயணிகளின் எதிர்பார்ப்புகள் எங்கே? ஐந்து பயணிகளையாவது பேட்டி கண்டு, கையெழுத்துடன் இணைக்கவும்.’

“எந்தப் பயணிகள், மிஸ்?”

“உங்கள் திட்டத்தில் வரும் பயணிகள்.”

“அவர்கள் கற்பனைதானே?”

“பயணிகள் கற்பனையாக இருக்கலாம். கையெழுத்து உண்மையாக இருக்க வேண்டும்,” என்றார் நோலீன். இதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் துளி சிரிப்பில்லை.

அன்றைக்கு ரதிதேவி வேலையால் வந்து, காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு, ஐந்து பேனையால் ஐந்து பேருக்குக் கையெழுத்துப் போட்டாள். ஒரு ஜெர்மன்காரர், இரண்டு அமெரிக்கர், ஓய்வுபெற்ற ஒரு நீதவான், ஒரு விதவை. நான்கு பேர் தேறினார்கள். விதவையை நோலீன் திருப்பி அனுப்பிவிட்டார். கையெழுத்தில் பயண உற்சாகம் போதாதாம்.

அதற்கடுத்த கிழமை செயல்முறைப் பயிற்சி. கதிரைகளை இரண்டு இரண்டாக அடுக்கினால் படகு. சுவரில் புரொஜெக்டர் போட்டால் கடல். பக்தாத்தில் கண் ஒப்பரேஷன் செய்துகொண்டிருந்த டொக்டர் ஒருவர், சுருட்டிய பத்திரிகையை வாயில் வைத்து முரானோக் கண்ணாடி ஊதினார். சீனாவில் பாலங்கள் கட்டிய பொறியியலாளர் ஒருவர் லேஸ் பின்னினார். கோதண்டராமன் என்று ஒரு தமிழர், மதுரையில் வங்கி மனேஜராக இருந்தவர், ஆயிரம் வருஷத்துத் தேவாலயமாக நடுவில் அசையாமல் நின்றார். மகேசன்தான் வழிகாட்டி.

“முதலில் எல்லோரும் உயிர்காப்பு அங்கி போடுங்கள்,” என்று மகேசன் தொடங்கினார்.

“நிறுத்துங்கள்!” என்றார் நோலீன். “மேல்மாடியில் உயிர்காப்பு அங்கி அணிவதற்கு எங்கள் காப்புறுதியில் இடமில்லை.”

“சரி மிஸ். படகு கவிழ்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்றாவது சொல்கிறேன்.”

“படகு கவிழ்வது தரம் மூன்று. தரம் இரண்டில் படகுகள் கவிழ்வதில்லை.”

மகேசன் கதிரையில் உட்கார்ந்தார். எழும்பி வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் இருந்தது. வீங்கிய இரண்டு கால்கள் ஞாபகம் வந்ததால் போகவில்லை.

மூன்றாவது முறை திட்டத்தை அவர் பழுதில்லாமல் எழுதினார். எழுதினார் என்று சொல்வதைவிட, அவர் சொல்லச் சொல்ல ரதிதேவி எழுதினாள் என்பதுதான் சரி. அவளுடைய எழுத்துத்தான் வடிவு. கற்பனைப் பயணம் ஒரு வெள்ளிக்கிழமை. நேர அட்டவணையில் ‘பத்தே முக்காலுக்கு முரானோவிலிருந்து புரானோவுக்குப் புறப்படுதல்’ என்று மகேசன் சொன்னதும், அவள் யோசிக்காமலே பேனையை மாற்றி, பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் சிவப்பில் பெட்டி அடித்து, புறப்படுகிற நேரத்தைப் பன்னிரண்டேகாலுக்குத் தள்ளிவிட்டாள். வீட்டுக் கலண்டரில் அவள் தினமும் செய்கிற வேலைதான் அது. மகேசன் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் அந்த இடத்திலேயே கிழித்துப் போட்டிருப்பார்.

வியாழக்கிழமை நோலீன் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, நாற்பத்தோராம் பக்கத்தை விரித்து, “இந்தச் சிவப்பு என்ன?” என்று கேட்டார்.

மகேசனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பொய் சொல்லவும் வாய் வரவில்லை. “அது ராகு காலம், மிஸ். ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணித்தியாலம் வரும். அந்த நேரத்தில் எங்கள் சனம் பயணம் தொடங்க மாட்டார்கள்.”

“தொடங்கினால்?”

“சரிவராது என்பார்கள்.”

“எத்தனை காலமாக இதைப் பின்பற்றுகிறீர்கள்?”

“நான் இல்லை மிஸ். சனம். ஒரு இரண்டாயிரம் வருஷம் இருக்கும்.”

நோலீன் எழும்பிப் போய் நிலையத்தின் பணிப்பாளரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பணிப்பாளர் கிரஹாம் உயரமான மனுஷன், கழுத்துப்பட்டியில் கிவிப் பறவைகள் இருந்தன. அவர் அந்தப் பக்கத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

“ஆறு வருஷமாக நான் காத்திருந்தது இதற்குத்தான்,” என்றார் கடைசியில். “ஆபத்து அடையாளம் காணப்பட்டிருக்கிறது. அதற்கு ஆரம்ப நேரம், முடிவு நேரம் தரப்பட்டிருக்கிறது. நிறமும் தீட்டப்பட்டிருக்கிறது. ஆபத்து என்னவென்று மட்டும் சொல்லப்படவில்லை. அதனால் அது எல்லா ஆபத்துகளையும் உள்ளடக்குகிறது. நோலீன், இதைத் துறைமுகங்கள்வரைக்கும் கொண்டுபோக வேண்டும்.”

“சேர், நான் காற்றைப் பற்றியும் நீரோட்டத்தைப் பற்றியும் ஒன்பது பக்கம்...”

“அவை வெறும் வானிலை,” என்றார் கிரஹாம்.

அடுத்த நாளே சுவரில் பெரிய அட்டவணை ஏறியது. திங்கள் ஏழரை முதல் ஒன்பது, சனி ஒன்பது முதல் பத்தரை என்று ஏழு நாளுக்கும் சிவப்புப் பெட்டிகள். மாணவர் எல்லோருடைய திட்டத்திலும் சிவப்புப் பத்தி கட்டாயமாயிற்று. தங்கள் ஊரில் இப்படியொன்று கிடையாது என்று எழுதிக்கொடுத்த கண் டொக்டருக்கு ‘இன்னும் தகுதி பெறவில்லை’ முத்திரை விழுந்தது. பாவம், அந்த மனுஷன் பேசாமல் மகேசனின் நேரங்களைப் பார்த்து எழுதினார்.

கோதண்டராமன் மட்டும் விடவில்லை. “சார், இது தப்பு. ராகு காலத்தை சூரிய உதயத்தை வச்சுத்தான் கணக்குப் போடணும். இங்க இப்ப கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சிருக்காங்க. ஒங்க அட்டவணைப்படி பார்த்தா ராகுவுக்கே வழி தெரியாது,” என்று மகேசனிடம் தமிழில் வெடித்துவிட்டு, அதையே இங்கிலீஷில் எழுதிப் பணிப்பாளரிடமும் கொடுத்தார். இரண்டு பக்கத்துக்கு வாய்ப்பாடு வேறு போட்டிருந்தார்.

கிரஹாம் பொறுமையாக வாசித்தார். “உங்கள் அக்கறைக்கு நன்றி. ஆனால் சூரியன் எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. கடிகாரம் இருக்கிறது,” என்று திருப்பிக் கொடுத்தார்.

இப்படியாக மகேசன் எல்லாப் பகுதியிலும் தேறினார். நவம்பர் கடைசி வியாழன் காலை முழு ஃபோல்டரையும் வரவேற்பு மேசையில் ஒப்படைத்தார். மிச்சம் பணிப்பாளரின் கையெழுத்து ஒன்றுதான். பணிப்பாளர் அன்றைக்குத் துறைமுகக்காரரின் மாநாடு ஒன்றில் சிவப்புப் பத்தியைப் பற்றி உரையாற்றப் போயிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கே மகேசன் வந்து குந்திவிட்டார். ஒன்பதரை ஆனது, பத்து ஆனது. பத்து முப்பத்திரண்டுக்குக் கிரஹாம் கோப்பிக் கோப்பையோடு படியேறி வந்தார். மகேசன் சேர்ட்டிபிகேட்டையும் பேனையையும் நீட்டிக்கொண்டு எழும்பினார்.

கிரஹாம் மணிக்கூட்டைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பேனையைத் தொடவில்லை. “மன்னிக்க வேண்டும் மகேசன். பத்தரை தாண்டிவிட்டது.”

“சேர், இது பயணமில்லை. ஒரு கையெழுத்துத்தானே!”

“ஒரு புதிய வாழ்க்கையின் தொடக்கம். அதை இந்த நேரத்தில் செய்து உங்களை ஆபத்தில் விட நான் தயாரில்லை. பன்னிரண்டு ஐந்துக்கு வாருங்கள்.”

“சேர், பன்னிரண்டுக்கு நான் துறைமுகத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை போய்விடும். பரவாயில்லை சேர், போடுங்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.”

கிரஹாமின் கண் கலங்கியது. அவர் மகேசனின் தோளில் கை வைத்தார். “எங்களுக்காக உங்கள் பண்பாட்டை நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டாம். புலம்பெயர்ந்தவர்கள் அப்படிக் கூனிக் குறுகி நின்ற காலம் போய்விட்டது. இந்த நிலையம் உங்கள் நம்பிக்கையை மதிக்கிறது. நீங்கள் மதிக்காவிட்டாலும் மதிக்கும். நாற்பத்தோராம் பக்கத்தைப் பாருங்கள், உங்கள் சொந்தக் கையெழுத்து!”

அது மனுசியின் எழுத்து என்று சொல்ல மகேசனின் வாய் திறந்தது. சொன்னால் ஃபோல்டர் முழுவதும் செல்லாது. வாயை மூடிக்கொண்டார். அவருக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. வரவேற்பு மேசைப் பெண்ணிடம் கெஞ்சித் தொலைபேசி வாங்கி, கோழித் தொழிற்சாலைக்கு அடித்தார். சூப்பர்வைசர் முணுமுணுத்துக்கொண்டு ரதிதேவியைக் கூப்பிட்டுவிட்டான்.

“என்னப்பா, வேலை நேரத்தில?”

“நீர் கீறின கோடு என்ர கழுத்தைச் சுத்திப் போட்டுது. ராகு காலமாம், கையெழுத்து வைக்க மாட்டானாம் இந்த மனிசன்.”

“விசரோ அந்தாளுக்கு! நான் கோடு கீறினது பயணத்துக்கு. கையெழுத்துக்கு ஆர் பார்க்கச் சொன்னது?” என்று ரதிதேவி கத்தினாள். பின்னால் யந்திரம் இரைந்தது. ஒரு நிமிஷம் யோசித்தாள். “இஞ்ச பாருங்கோ. நேற்றைக்கு ஃபோல்டரை எத்தினை மணிக்குக் குடுத்தனீங்கள்?”

“அவையள் கேட்டவுடன குடுத்தனான். காலமை பத்து மணிக்கு.”

“நல்ல நேரம். அப்ப அது பரஸ்தானம். நல்ல நேரத்தில சாமானைக் கொண்டுபோய் வேற இடத்தில வைச்சிட்டால் பயணம் வெளிக்கிட்ட கணக்குத்தானே? பேந்து எந்த நேரத்தில போனாலும் ஒண்டுமில்லை. போய் அதைச் சொல்லுங்கோ. எனக்கு இஞ்ச பெட்டி குவியுது.”

மகேசன் போய்ச் சொன்னார். கிரஹாம் கோப்பையை மேசையில் வைத்தார். முகம் விடிந்தது.

“முன்கூட்டிய தொடக்கம்! உங்கள் நாகரிகத்தில் இதற்கும் ஏற்பாடு இருக்கிறதா?”

“இருக்கிறது சேர்.”

“இதற்குப் படிவம் உண்டா?”

ஆறு கிழமையில் மகேசன் கற்றுக்கொண்டது அவரைக் கைவிடவில்லை. “உண்டு சேர்,” என்றார் நிமிர்ந்து. வெறுந்தாள் ஒன்று வாங்கி, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டார். பொருள்: ஃபோல்டர் ஒன்று. வைக்கப்பட்ட இடம்: வரவேற்பு மேசை. நேரம்: வியாழன் காலை பத்து. சாட்சிகள்: இருவர். வரவேற்பு மேசைப் பெண் ஒரு சாட்சி, நோலீன் மற்றச் சாட்சி. கிரஹாம் அந்தத் தாளை மூன்று பிரதி எடுத்து, ஒன்றைப் பெருமையோடு ஃபக்ஸ் யந்திரத்தில் வைத்துவிட்டு, சேர்ட்டிபிகேட்டில் வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டார். மணி பதினொன்று பத்து.

மகேசன் படியில் இறங்கவில்லை, பாய்ந்தார். பஸ் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நின்றது. பன்னிரண்டுக்கு நான்கு நிமிஷம் இருக்கும்போது துறைமுகக் கந்தோருக்குள் மூச்சு வாங்க நுழைந்தார். வாரன் இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சேர்ட்டிபிகேட்டை வாசிக்காமலே மேசை இலாச்சிக்குள் போட்டு, “திங்கள் காலை ஏழு மணி,” என்றார்.

அந்தச் சனி ஞாயிறு அந்த வீட்டில் இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ரதிதேவி பின்னேர ஷிஃப்ட்டுக்கு இனி வரமாட்டேன் என்று சூப்பர்வைசருக்குச் சொல்லியே விட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஏவன்டேல் சந்தையில் மீன் வாங்கி, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, மகேசனைக் கொண்டு சமைப்பித்துச் சாப்பிட்டாள்.

திங்கள் காலை ஏழு மணிக்கு மகேசன் நீலச் சட்டையும் தொப்பியுமாக இறங்குதுறையில் நின்றார். கடல் தட்டையாகக் கிடந்தது. காற்றில்லை. படகு ஓட இதைவிட நல்ல காலை கிடைக்காது என்று அவருடைய உடம்பே சொன்னது. ஏழரைப் படகுக்கு நூறு பேருக்கு மேல் வரிசையில் நின்றார்கள். ஏழு இருபத்தைந்துக்கு அவர் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார்.

“அவிழ்க்காதே, நிறுத்து!” என்று வாரன் ஓடி வந்தார். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள். “மேலிடம் புதுப் பாதுகாப்பு முறை வாங்கியிருக்கிறதாம். இன்றையிலிருந்து அமல். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரைக்கும் படகு வெளிக்கிடக் கூடாது. எனக்கு ஒரு எழவும் விளங்கவில்லை. கீழே உன்னுடைய பெயர் போட்டிருக்கிறது. நீயே போய்ச் சனத்துக்குச் சொல்லு.”

மகேசன் தாளை வாங்கினார். சிவப்புப் பெட்டிகள். அடியில் சின்ன எழுத்தில் ‘கருத்தாக்கம்: எம். மகேசன்’.

“முன்கூட்டிய தொடக்கம் என்று ஒரு படிவம் இருக்கே,” என்றார் மெதுவாக. “சனம் தங்கள் பையை இப்போதே படகில் வைத்தால்...”

“அது இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. ஆளுக்கு மூன்று பிரதி, இரண்டு சாட்சி. முந்தின நாளே கொடுத்திருக்க வேண்டும்,” என்று சொல்லிவிட்டு வாரன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மகேசன் வரிசைக்கு முன்னால் போய் நின்று அறிவித்தார். அடுத்த படகு ஒன்பது மணிக்கு என்றதும் சனம் கொதித்தது. ஒருத்தர் பத்திரிகையைச் சுருட்டி எறிந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, நெற்றியில் பொட்டும் காலில் வெள்ளைச் சப்பாத்துமாக, சட்டையில் ‘அம்புஜம்’ என்று பெயர்த் தகடு குத்திய ஒரு பெண்மணி முன்னால் வந்தாள். வைஹெக்கேயில் முதியோர் இல்லத்தில் நேர்ஸ் என்று அந்தப் பெயர்த் தகடே சொன்னது. மகேசனின் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

“நீங்க தமிழா சார்? என்ன சார் அநியாயம் இது! ராகு காலம்னா போட்டை நிறுத்தி வச்சிருக்காங்க? எட்டரைக்கு எனக்கு டியூட்டி. நம்ம ஊர்லயே பஸ்ஸு ரயிலு எல்லாம் ராகு காலத்துல ஜம்முனு ஓடுது. எந்த மடையன் சார் இதக் கொண்டாந்து இவங்க தலையில கட்டினது?”

மகேசன் தாளின் அடியைப் பெருவிரலால் மூடினார்.

“நான் இண்டைக்குத்தான் அம்மா வேலைக்கு வந்தனான்,” என்றார். “இந்த நாட்டுச் சனத்துக்கு இதுகளில சரியான நம்பிக்கை.”